பாட்டு நேரத்து முட்டை

ஆயிரத்து நூற்று நாற்பது அடி துளை போட்டும் தண்ணீர் வராத குழியிலிருந்து, சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலு பத்துக்குப் பாட்டு வந்தது. போர்வெல் லாரிக்காரர்கள் முந்தின நாளே, "வெறும் புழுதிதானுங்க வருது" என்று சொல்லி இரும்புக் குழாய்களைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். குழியின் வாயில் ஒரு சாக்கைச் சுருட்டி அடைத்து அதன்மேல் ஒரு கல்லை வைத்திருந்தார்கள். அந்தக் கல் முதலில் நடுங்கியது, பிறகு புரண்டது, பிறகு சாக்கை யாரோ உள்ளிருந்து துப்பியதுபோல அது கார் நிறுத்துமிடத்தில் போய் விழுந்தது, அதன் பின்னால் பாட்டு வந்தது.

அதில் சொல் கிடையாது. யாரோ எலும்புக்குள் ஊதுவது போலவும், உரித்து இன்னும் காயாத தோலை உள்ளங்கையால் அறைவது போலவும், அதற்கும் பின்னால் நிறையப் பேர் வெறுங்காலோடு ஒரே இடத்தை மிதித்துக்கொண்டிருப்பது போலவும் இருக்கும். காதில் விழுவதற்கு முன்பே உள்ளங்காலில் ஏறிவிடும். ஏறியதும் முதுகு தானாக வளையும், விரல்கள் தரையைத் தேடும், வாயில் எச்சில் ஊறும், அதுவரை வெறும் காற்றாக இருந்த காற்றில் எது எங்கே ஒளிந்திருக்கிறது என்று மூக்குக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் குடியிருப்பின் பெயர் அமிர்தவர்ஷிணி. கோயம்புத்தூருக்கு வடக்கே, மயில்கள் மேயும் காலி மனைகளுக்கு நடுவே இருபத்து நான்கு வீடுகள். வாசலில் பச்சை ஓடு பதித்து, 'சைவ உணவு உண்பவர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருக்கும். நானும் அப்பாவும் தரைத்தளத்தில் வாடகைக்கு வந்தபோது, சங்கச் செயலாளர் சிவசைலம் எங்கள் பெயர், ஊர், என் நூலக வேலை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில், "சைவம்தானம்மா?" என்றார். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. பொய்யை வாயால் சொல்லவில்லை, தலையால் சொன்னேன்.

அந்தப் பொய்க்குக் காரணம் இருநூற்று இருபது அடி. எங்கள் வாசலிலிருந்து அப்பாவுக்கு ரத்தம் சுத்தம் செய்யும் மையத்துக்கு அவர் கால் எடுத்து வைக்கும் எண்ணிக்கை அது. வாரம் மூன்று நாள் நாலு மணி நேரம் இயந்திரத்தில் கிடந்துவிட்டு வருகிறவரை ஆட்டோவில் ஏற்றினால் முதல் வேகத்தடையிலேயே வாந்தி எடுப்பார். என் தோளைப் பிடித்து நடந்தால் சிரித்துக்கொண்டே வருவார். தூத்துக்குடிப் பக்கம் முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். டாக்டர் அவருக்கு உப்பைப் பிடுங்கிக்கொண்டார், தண்ணீரை டம்ளரில் அளந்துவிட்டார், வாழைப்பழத்தைத் தடுத்துவிட்டார். ஒன்றே ஒன்றைக் கொடுத்தார்: நாளுக்கு மூன்று முட்டையின் வெள்ளைக்கரு. அது உள்ளே போகாத வாரங்களில் அவர் கால் வீங்கும், பிறகு கண்ணிமை வீங்கும், பிறகு யாரோ மாதிரி இருப்பார்.

முட்டைகளைக் கொண்டு வந்தவள் பொன்னாத்தாக்கா. குடியிருப்பைக் கூட்டித் துடைக்கிறவள். வாளிக்குள், துடைக்கும் துணிக்கு அடியில், தினமும் மூன்று. மறுநாள் ஓடுகள் அதே வாளியில் வெளியே போகும். மஞ்சள்கரு அப்பாவுக்கு ஆகாது. அதை நான் தின்பேன், ஜன்னலைச் சாத்திவிட்டு, நின்றபடி. தை மாதத்தில் ஒருநாள் படிக்கட்டில் உட்கார்ந்து பொன்னாத்தாக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது கருவாட்டுக் குழம்பின் வாசனை மூன்று மாடிக்கும் ஏறியது. அன்றே சங்கம் கூடி, இனி அவள் வாசலுக்கு வெளியே டிரான்ஸ்பார்மர் அடியில்தான் சாப்பிட வேண்டும் என்று முடிவு செய்தது. நான் அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். குழம்பு வாசனைக்கு ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டிருந்தேனே தவிர, ஒன்றும் சொல்லவில்லை.

முதல் நாள் பாட்டு வந்தபோது சிவசைலம் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைத்துவிட்டு, நான்கு காலில் இறங்கினார். இரண்டாம் மாடிப் பல் டாக்டர் ஹேமலதா மாடிப்படியைத் தொடாமல் கைப்பிடிச் சுவர் வழியாகவே வந்தார். பிறகு எல்லோரும் வந்தோம். மொட்டை மாடியில் புறாக்கள் இருந்தன, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் பெருச்சாளிகள் இருந்தன, மதில் தாண்டினால் மயில்கள் இருந்தன. நாற்பது நிமிடம் கழித்துப் பாட்டு நின்றபோது, நான் விழித்தேன் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் தூங்கவில்லை, எல்லாம் தெரிந்துதான் இருந்தது. என் வாயில் ஒரு புறாவின் கால் இருந்தது, அதன் நகம் என் அண்ணத்தில் குத்திக்கொண்டிருந்தது, எனக்கு இடப்பக்கம் சிவசைலத்தின் மனைவி காந்திமதி ஒரு பெருச்சாளியை வயிற்றிலிருந்து தின்று வாலுக்கு வந்திருந்தார்.

பாட்டு எடுக்காமல் விட்டது இரண்டு பேரைத்தான். அப்பா ஒருவர், முப்பத்திரண்டு வருடம் இஞ்சின் பக்கத்தில் நின்ற காது அவருக்கு. "எனக்கு ஏதோ டீசல் வண்டிய ஆஃப் பண்ணாம நிறுத்திப் போட்ட மாதிரி கேக்குட்டி" என்றார். இன்னொருத்தி பொன்னாத்தாக்கா. துடைப்பத்தோடு படிக்கட்டில் நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வாளியிலிருந்து ஈரத் துணியை எடுத்துப் பிழிந்து, செயலாளரிடம் நீட்டினாள்.

"வாயத் தொடச்சுக்குங்க சாமி."

அவர் துடைத்துக்கொண்டார். துணியைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று ராத்திரி யாரும் யாரையும் பார்க்கமாட்டார்கள், மறுநாளே பாதிப் பேர் காலி செய்துவிடுவார்கள், குழிக்குள் ஒரு லாரி கான்கிரீட் இறங்கும் என்றுதான் நான் நினைத்தேன். நான் பல் துலக்கித் துலக்கி ஈறு கிழிந்துபோயிருந்தது. மறுநாள் மாலை நாலு மணிக்கு வெளியே பேச்சுச் சத்தம் கேட்டு ஜன்னலைத் திறந்தால், குழியைச் சுற்றி எல்லோரும் பழைய துணி உடுத்திக்கொண்டு வந்து காத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காபியோடு கூட்டம் நடந்தது. வெட்கம் பற்றிப் பேசத்தான் கூடியிருக்கிறார்கள் என்று நினைத்து நான் கடைசி வரிசையில் தலையைக் குனிந்திருந்தேன். அவர்கள் முழங்கால் வலி போனதைப் பற்றிப் பேசினார்கள். சர்க்கரை இறங்கியதைப் பற்றிப் பேசினார்கள். ஹேமலதா எழுந்து, மனிதத் தாடை எதற்காகப் படைக்கப்பட்டதோ அதை இப்போதுதான் செய்கிறது என்று சொல்லி, எலும்பு கடித்துப் பல் உடைந்தவர்கள் மறுநாள் காலை தன் கிளினிக்குக்கு வரலாம் என்றார். சிவசைலம் குளித்து, நெற்றியில் மூன்று பட்டையாக விபூதி பூசி, வெள்ளை வேட்டியில் நின்றிருந்தார். மீசையில் ஒரு சிறு இறகு இருந்தது, அதை யாரும் சொல்லவில்லை.

"இது நம்ம பெரியவங்க வாழ்ந்த வாழ்க்கை பாத்துக்கிடுங்க. அடுப்பு, அம்மி எல்லாத்துக்கும் முந்தி. பூமிக்குள்ள இருந்து நமக்குன்னு வந்திருக்கு. வேற எந்த அபார்ட்மெண்டுக்கு வந்திருக்கு, சொல்லுங்க?"

"அப்ப நம்ம விரதம், சைவம் அதெல்லாம்?" என்று பின்னாலிருந்து ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"அது போகுமா? பாட்டு நேரத்துல சாப்பிடுறது நாம இல்ல. நம்ம வழியா அவங்க சாப்பிடுறாங்க. படையல் மாதிரி." செயலாளர் கொஞ்சம் யோசித்தார். "அதோட, சமைச்சாத்தான் அசைவம். இது சமைக்கலயே."

எல்லோரும் கைதட்டினார்கள். பொன்னாத்தாக்காவைப் பாட்டு ஏன் எடுக்கவில்லை என்று யாரோ கேட்டதற்குக் காந்திமதி, "அதுக்கெல்லாம் ஒரு பாரம்பரியம் வேணும்லா" என்றார். இதை நான் பொன்னாத்தாக்காவிடம் சொன்னபோது அவள், "கேட்டுச்சுங்க அம்மிணி, நல்லாத்தான் இருந்துச்சு. வேல கெடக்குதுல்லங்க" என்றாள்.

அப்படியாக வைகாசி வந்தது, ஆனி வந்தது, பாட்டு தினமும் வந்து தினமும் போனது, எதுவும் கலையவில்லை. லிப்டுக்குப் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள்: பாட்டு நேரத்துக்குப் பருத்தித் துணியே உடுத்த வேண்டும், நகைகளைக் கழற்றிவிட வேண்டும், பாட்டு முடிந்தவர்கள் மாடி வரிசைப்படி குளிக்க வேண்டும், குளிக்காமல் பூஜை அறைக்குள் போகக்கூடாது. கார் நிறுத்துமிடத்தில் அவரவர் கட்டத்தின் தூணை அவரவர் மூத்திரத்தால் நனைத்தார்கள்; விருந்தினர் கார்களுக்கான கட்டம் மட்டும் காய்ந்திருந்தது. மயில் இறகுகளைக் கழுவிக் காயவைத்து முருகன் படத்துக்குப் பின்னால் செருகினார்கள். வேட்டையில் யார் பிடித்தாலும் முதலில் செயலாளர் தின்பார், பிறகு பொருளாளர், பிறகு சொந்த வீட்டுக்காரர்கள், பிறகு வாடகைக்காரர்கள், ஆண்கள் தின்று முடித்த பிறகு பெண்கள். பொங்கல் விழாப் பந்தியில் இருந்த அதே வரிசை, ஆயிரத்து நூற்று நாற்பது அடிக்கு அடியிலிருந்து வந்த பாட்டு அதில் ஒரு ஆளைக்கூட இடம் மாற்றவில்லை. நான் ஒவ்வொரு நாளும் குடலும் தோலும் தின்றேன். ஒவ்வொரு நாளும் சரியாக ஐந்து மணிக்குப் பொன்னாத்தாக்கா வாளியோடு வந்து இறகையும் ரத்தத்தையும் துடைத்தாள். துடைத்துவிட்டு, டிரான்ஸ்பார்மர் அடிக்குப் போய் டப்பாவைத் திறந்தாள்.

எனக்குக் குமட்டியது பச்சை மாமிசம் இல்லை. அது நாக்குக்குப் பழகிவிட்டது, அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். குமட்டியது ஐந்தேகால் மணிக்கு. எல்லா வீட்டிலிருந்தும் சாம்பிராணி வாசனை வரும், குக்கர் கூவும், யாரோ யாரையோ, "வெங்காயம் போடாம பண்ணு, இன்னைக்குக் கிருத்திகை" என்பார்கள்.

ஆடி முதல் வாரம், பாட்டு நேரத்தில், புறாக்களும் பெருச்சாளிகளும் தீர்ந்துபோயிருந்த ஒரு நாள், சிவசைலத்தின் மூக்கு எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியது. நான் அப்போது மதிலோரம் ஒரு ஓணானைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் எங்கள் கதவைத் தலையால் முட்டித் திறந்தார். அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். "வாங்க அண்ணாச்சி" என்றிருக்கிறார். அண்ணாச்சி நேரே அரிசி டின்னுக்குப் போய், அதற்குள் கையை விட்டு, மூன்று முட்டையையும் எடுத்து, ஓட்டோடு வாயில் போட்டு நொறுக்கி, விரல்களையும் பிறகு தரையையும் நக்கியிருக்கிறார். கடைசி வாய் உள்ளே போன நொடியில் பாட்டு நின்றது.

அவர் எழுந்து நின்றார். தாடியில் மஞ்சள் வழிந்துகொண்டிருந்தது. ஓட்டுச் சில்லு ஒன்றை உதட்டிலிருந்து எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முட்டை" என்றார். "ஒங்க வீட்ல முட்டை இருந்திருக்கு."

"இருந்துச்சு அண்ணாச்சி" என்றார் அப்பா. "இப்ப ஒங்க வயித்துல இருக்கு."

அன்று மாலையே கூட்டம். நான் வாய் திறந்து சங்கத்தில் பேசியது அந்த ஒரு முறைதான், அதுவும் என் காலைப் பார்த்து: "டாக்டர் சொன்னாங்க. அப்பாவுக்கு."

"டாக்டர் சொன்னா மாத்திரை வாங்கணும்மா" என்றார் காந்திமதி. முந்தின நாள் அவர் தின்ற மயிலின் கழுத்து நீலம் இன்னும் அவர் நகக்கண்ணில் இருந்தது.

"பாட்டு நேரத்துல நீங்களும்..." என்று தொடங்கினேன்.

"அது கிடைச்சது. இது வாங்கினது. அது பச்சை. இது அவிச்சது. பொய் சொல்லி வீட்டுக்குள்ள வந்து, தெய்வம் குடியிருக்கிற எடத்துல முட்டை அவிச்சிருக்கீங்க." சிவசைலம் கோபமாகப் பேசவில்லை, நிஜமாகவே புண்பட்டிருந்தார். "ஏழு நாள் தர்றோம். எங்களுக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு."

அந்த ஏழு நாளும் நான் வீடு தேடினேன். கிடைத்தவை எல்லாம் இரண்டு பஸ் தூரத்தில் இருந்தன, ஒன்றுக்கு மூன்று மாடி, லிப்ட் இல்லை. அந்த ஏழு நாளும் பொன்னாத்தாக்காவின் வாளியையும் என் பையையும் வாசலில் கவிழ்த்துப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். முட்டைகளை யார் கொண்டு வந்தது என்று கேட்டபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் ஒன்றுதான் என் வாழ்க்கையில் யாருக்காவது உதவியிருக்கிறது. அப்பாவின் கால் வீங்கியது. ஏழாம் நாள் கண்ணிமையும் வீங்கியது.

சாமான் ஏற்ற வேண்டிய சின்ன லாரி இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லி நாலு மணி வரை வரவில்லை. கேஸ் அடுப்பைக் கழற்றிக் கட்டியாயிற்று. அப்பா மையத்திலிருந்து வந்து, கார் நிறுத்துமிடத்தில் கட்டிய மூட்டைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். நான் வரும் வழியில் கடையில் முட்டை வாங்கியிருந்தேன். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று வெறும் கையிலேயே எடுத்து வந்தேன். போர்வெல் போட்டபோது மிச்சமான செங்கல் மூன்றை வைத்து, காய்ந்த தென்னமட்டையை முறித்துச் செருகி, அடுப்பைப் பற்றவைத்து, சருவச்சட்டியில் தண்ணீர் ஊற்றி, மூன்று முட்டையைப் போட்டேன். நேரத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபோது பாட்டு வந்தது.

அன்று அது என்னை நான்கு காலில் இறக்கவில்லை. உள்ளங்காலில் ஏறியது, முதுகு வரை வந்தது, பிறகு என்னை அடுப்பின் முன் குத்துக்காலிட்டு உட்காரவைத்து, மட்டையை உள்ளே தள்ளச் சொன்னது. அவர்கள் படிக்கட்டிலிருந்து வந்தார்கள், மதிலிலிருந்து வந்தார்கள், நெருப்பைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் நின்றார்கள். ஹேமலதா பல்லைக் காட்டி உறுமினார். காந்திமதி பின்வாங்கி ஒரு காருக்கு அடியில் நுழைந்துகொண்டார். நான் மட்டையைத் தூக்கினால் பின்னால் போனார்கள், தாழ்த்தினால் முன்னால் வந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அதனால் தேவை இல்லாமலே இரண்டு முறை தூக்கினேன்.

முட்டையை உரித்து, வெள்ளையைப் பிட்டு அப்பா கையில் கொடுத்தேன். ஏழு நாள் பட்டினி கிடந்த வாய் அவருக்கு. மூன்றையும் தின்றார். மஞ்சள்கருக்கள் அவர் உள்ளங்கையில் மூன்று உருண்டையாக மிஞ்சின. சிவசைலம் வட்டத்தை விட்டு முன்னால் வந்திருந்தார். மூக்குத் துடித்தது, வாயோரம் எச்சில் நூலாகத் தொங்கியது, கண்ணில் நெருப்பு தெரிந்தது. அப்பா கையை நீட்டினார், டிக்கெட் கொடுக்கிறவர் மாதிரி.

"இந்தாங்க அண்ணாச்சி. எனக்கு இது ஆவாது."

செயலாளர் ஓர் உருண்டையை வாயால் கவ்வினார். சூடு. துப்பினார். தரையிலிருந்து எடுத்தார். நாக்கில் வைத்தார், இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு உருட்டினார், அவர் முகம், மூன்று மாதமாகப் பச்சை ரத்தத்தில் காணாத ஏதோ ஒன்றைக் கண்டுகொண்டதுபோல மெல்ல மெல்ல இளகியது. அப்போது பாட்டு நின்றது.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் மட்டும் எழவில்லை. அவித்த மஞ்சள்கரு அவர் வாய்க்குள் இருந்தது, பாட்டு இல்லை, முன்னோர் இல்லை, அவர் மட்டும் இருந்தார். இருபத்து நான்கு வீடும் அவர் தொண்டையைப் பார்த்தது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

ஏழு மணிக்குக் குளித்து, புது விபூதியோடு வந்தார். லாரி அப்போதுதான் வந்து நின்றிருந்தது.

"வண்டியத் திருப்பி அனுப்பிருங்கம்மா. கூடிப் பேசினோம். பெரியவங்க நெருப்பும் கண்டுபிடிச்சவங்கதானே? பாட்டு நேரத்துக்குள்ள, பாட்டு கேக்குற எடத்துல, விறகு அடுப்புல அவிச்சா அது அசைவத்துல வராது. அடுப்பு ஒங்க பொறுப்பு." வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மஞ்சக்கருவ மட்டும் வீணாக்காதீங்க."

அப்பா என்னைப் பார்த்தார். இருநூற்று இருபது அடி. நான் வாயால் ஒன்றும் சொல்லவில்லை, தலையை ஆட்டினேன்.

இப்போது தினமும் நாலு பத்துக்கு அடுப்பு மூட்டுகிறேன். யார் வாங்குகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை, குழியோரம் அட்டை அட்டையாக முட்டைகள் இருக்கின்றன. அவர்கள் சுற்றி உட்கார்ந்து என் கையைப் பார்க்கிறார்கள், நான் உரிக்கிறேன், முதலில் அப்பாவுக்கு மூன்று வெள்ளை, பிறகு செயலாளர், பிறகு பொருளாளர், பிறகு சொந்த வீட்டுக்காரர்கள். அப்பாவின் கால் வடிந்துவிட்டது. வரிசையை நான் மாற்றலாம், மட்டையைத் தூக்கினால் எல்லோரும் பின்னால் போவார்கள், மாற்றுவதில்லை.

நேற்று பாட்டு முடிந்து, ஓடுகளைக் கூட்டி வாளியில் அள்ளிக்கொண்டிருந்த பொன்னாத்தாக்கா நிமிர்ந்தாள்.

"ஏனுங்க அம்மிணி, வெளிய மழ தூத்திக்கிட்டே கெடக்குது. என்ர டப்பாவையும் பாட்டு நேரத்துல, இங்கத்த அடுப்போரமா தொறந்துக்கலாமுங்களா? கருவாடுதான். அதுவும் அந்தக் காலத்துல இருந்துருக்குமுல்லங்க."

எனக்கு வாசனை நினைவுக்கு வந்தது, மூன்று மாடிக்கும் ஏறிய அந்த வாசனை, வாயில் எச்சில்கூட ஊறியது. "செயலாளர்கிட்டக் கேட்டுச் சொல்றேன்க்கா" என்றேன்.

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். பிறகு வாளியிலிருந்து ஈரத் துணியை எடுத்துப் பிழிந்து நீட்டினாள்.

"வாயத் தொடச்சுக்குங்க அம்மிணி."